சங்கந்திட்டுக்குக் கம்பி பார்த்தவர்

கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே, ஜெயநகரில் ஒரு பேக்கரியின் மாடியில் உட்கார்ந்துகொண்டு கணேசமூர்த்தி கடலுக்குத் தூண் போட்டுக்கொண்டிருந்தார். பெங்களூரில் இதெல்லாம் அதிசயமில்லை. அமெரிக்காக்காரனின் வரிக்கணக்கை இங்கே உட்கார்ந்து பார்க்கிறவன் இருக்கிறான். லண்டனில் ஒருவனுக்கு வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றால் இங்கிருந்து போனில் சமாதானம் சொல்கிறவன் இருக்கிறான். ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலையில் கடலைப் பார்த்துவிடலாம் என்கிற ஊரில் ஒருவர் கடல் வேலை பார்ப்பதில் என்ன குற்றம்? ஒரு குற்றமுமில்லை. ஆனால் முப்பது வருஷத்தில் அவர் நினைத்தபடி ஒரு தூண்கூடக் கடலில் இறங்கவில்லை என்பதுதான் கணேசமூர்த்தியின் கதை.

ஆம்பூர்க்காரர். பி.இ. முடித்துச் சில வருஷம் சென்று ரயிலேறி வந்தார். ஒக்கலிபுரத்தில் நாலு தலைமுறையாக வேரூன்றிய தமிழ்க் குடும்பத்துப் பெண் ஷோபாவைக் கட்டிக்கொண்டு, மல்லேஸ்வரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்து, அங்கேயே தலை நரைத்தார். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் டைரக்டர், வைஸ் பிரசிடெண்ட் என்று விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டே போனார்கள். இவருக்குப் பெயருக்கு முன்னால் ‘சீனியர்’ என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டது. அதுவும் நரைக்குக் கொடுத்த மரியாதைதான்.

படகு வந்து அணைகிற துறைக்குக் கீழே, தண்ணீருக்குள் சேறு வரை இறங்கி நிற்கிற தூண்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குத் தொழிலில் பைல் என்று பேர். அந்தப் பைல் எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. கிட்டத்தட்ட மாப்பிள்ளை பார்க்கிற வேலை. கல்யாணத்தன்று எல்லா மாப்பிள்ளையும் மினுமினுவென்றுதான் இருப்பான். எழுபது வருஷம் உப்புத் தண்ணீரோடு குடித்தனம் நடத்துவானா என்பதல்லவா கேள்வி?

மரம் என்றால் கடல்புழு உள்ளே புகுந்து சல்லடையாக்கிவிடும். வெறும் இரும்புக் குழாய் என்றால் துரு. குழாயைக் காப்பாற்ற அலுமினியக் கட்டிகளைத் தண்ணீருக்குள் கட்டித் தொங்கவிடலாம், தூணுக்குப் பதில் கட்டி கரையும். ஆனால் நம் கடற்கரையில் கட்டி கரைவதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். கண்ணாடி இழையில் வார்த்த தூண் துருவே பிடிக்காது. அதைச் சர்க்கார் விலைப்பட்டியலில் தேடினால் கிடைக்காது, பட்டியலில் இல்லாத பொருள் சர்க்காரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லாத பொருள். மிச்சம் கான்கிரீட். அதற்குள் இருக்கிற கம்பி இரும்புதான். உப்பு மெல்ல மெல்ல ஊறி உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால், கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எப்போதும் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிற பாகம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. எப்போதும் காய்ந்து கிடக்கிற பாகமும் தாக்குப்பிடிக்கும். அலை வந்து நனைத்து, வெயில் வந்து காயவைத்து, மறுபடி அலை வந்து நனைக்கிறதே அந்த நடுப்பாகம், அங்கேதான் சாவு. அதனால் தூண் முழுக்கத் தங்கத்தில் செய்ய வேண்டியதில்லை, அந்த நடுப்பாகத்தை மட்டும் நல்லதாகச் செய்தால் போதும் என்று கணேசமூர்த்தி முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதினதெல்லாம் ஒப்புதலாகி வரும்போது அந்த ஒன்று மட்டும் அடிபட்டிருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் ஏழெட்டுப் பேர்.

ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது சங்கந்திட்டு வந்தது. தமிழ்நாட்டுக் கரையில், ஒரு கழிமுகத்தை ஒட்டிய மீனவர் குப்பம். அங்கே இருந்த பழைய துறை பாழாகிவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும். பழையதை யாரோ ஒரு கம்பெனி வடிவமைத்திருந்தது. அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. கணேசமூர்த்தி நேரில் பார்க்கப் போனார்.

துறை நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. தூண்களின் இடுப்பில் கான்கிரீட் உரிந்து, கம்பிகள் துருவேறிச் செங்கல் நிறத்தில் வெளியே தெரிந்தன. ஒரு மூலை இரண்டு வருஷத்துக்கு முன்னால் சரிந்து கடலுக்குள் போயிருந்தது. ‘உபயோகிக்கக் கூடாது’ என்று சர்க்கார் பலகை மாட்டியிருந்தது. அந்தப் பலகையில்தான் ஒருத்தி மீன்கூடையைச் சாய்த்து வைத்திருந்தாள். ஏலம், எடை, சண்டை, சிரிப்பு எல்லாம் அந்த உளுத்துப்போன தளத்தின் மேலேயே நடந்துகொண்டிருந்தது. கணேசமூர்த்தி பையிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

கூடை வைத்திருந்தவள் பெயர் அன்னம்மாள். அறுபது வயசுக்காரி, நல்ல தொண்டை. இவர் சுத்தியலால் தூணைத் தட்டித் தட்டிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

“புதுசா கட்டப்போறவரு நீங்கதானா சார்?”

“கட்டறது வேற ஆளும்மா. எதுல கட்டணும்னு சொல்றதுதான் நான்.”

“எம் தங்கச்சி மவ அந்த மூலையிலதான் நின்னா சார், அது உழுந்த அன்னிக்கி. இடுப்பு போயிடுச்சி. இன்னிய வரைக்கும் படுத்தாப்புலதான் இருக்கா. உசுரு இருக்குது, அவ்ளோதான்.”

“இப்பிடி இருக்கறப்போ இதுமேல ஏம்மா நிக்கிறீங்க?”

“வேற எங்க நிக்கிறது? படகு இங்கதான வருது.” இதைச் சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “இந்தத் தபா கட்றதாச்சும் நிக்குமா சார்?”

இஞ்சினீயர்கள் இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. மண் பரிசோதனை வரட்டும், அரசாங்கம் முடிவு செய்யட்டும் என்று எதையாவது மென்று முழுங்கிவிட்டு வந்துவிட வேண்டும். கணேசமூர்த்தி முப்பது வருஷம் அப்படித்தான் வந்தார். அன்றைக்கு என்னவோ, சொல்லிவிட்டார்.

“நிக்கும்மா. உங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும். நான் சொல்றேன்.”

அன்னம்மாள் சரி என்று தலையாட்டி, அவர் போன் நம்பரை வாங்கித் தன் போனில் போட்டுக்கொண்டாள். வேலை எப்போது ஆரம்பிக்கிறது என்று கேட்பாளாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் கணேசமூர்த்திக்குத் தூக்கம் வரவில்லை. வாக்குக் கொடுத்துப் பழக்கமில்லாதவர் வாக்குக் கொடுத்துவிட்டால் அப்படித்தான்.

அதற்குப் பிறகு வீட்டுப் பால்கனியில் ஒரு வேலை தொடங்கியது. மூன்று பிளாஸ்டிக் பக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் முழநீளக் கம்பித் துண்டுகள்: ஒன்றில் சாதாரணக் கம்பி, ஒன்றில் பச்சைப் பூச்சுக் கம்பி, ஒன்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. காலையில் உப்புத் தண்ணீர் ஊற்றுவார், ஆபீஸ் கிளம்பும்போது வடித்துவிடுவார், பகலெல்லாம் வெயிலில் காயும். மல்லேஸ்வரத்து மாடியில் கடலின் ஏற்றவற்றம்.

“காவேரித் தண்ணி நாளு விட்டு நாளு வருது. நீங்க அதுல உப்பப் போட்டு வெளையாடுங்க,” என்றாள் ஷோபா. “உப்புப் பாக்கெட்டு ஒரு வாரத்துக்கு ஒண்ணு காலி. கடைக்காரன் கேக்கறான், ஊறுகா போட்டு விக்கறீங்களாம்மான்னு.”

“இன்னும் கொஞ்ச நாளு ஷோபா.”

“சும்னே சொல்லாதீங்க.” சும்மாவுக்கு அவள் வாயில் கன்னடம்தான் வரும். “ உங்க கொஞ்ச நாளு எனக்குத் தெரியாதா?”

திட்டினாளே ஒழிய, அவர் வெளியூர் போன அன்றைக்கெல்லாம் அவளேதான் தண்ணீர் ஊற்றி வடித்தாள்.

அந்தப் பச்சைக் கம்பிதான் கணேசமூர்த்தியின் நெடுநாளைய எதிரி. இரும்புக் கம்பியின் மேல் எபாக்ஸி என்கிற பூச்சு. பார்க்க அம்சமாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது குறை சொல்ல முடியாது. ஆனால் சைட்டில் அதை வளைப்பார்கள், இழுப்பார்கள், மேலே ஏறி நடப்பார்கள், கட்டுக்கம்பி போட்டு முறுக்குவார்கள். எங்கேயோ நகக்கண் அளவுக்குப் பூச்சு பெயரும். வெயிலும் உப்பும் மாறி மாறிப் படுகிற இடத்தில் அந்த நகக்கண் போதும். உப்பு அதன் வழியாக நுழைந்து, பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். மேலே பச்சை பளபளக்கும், உள்ளே கம்பி போயே போயிருக்கும். பக்கெட்டில் போடுமுன் கணேசமூர்த்தி அந்தக் கம்பியில் ஆணியால் ஒரே ஒரு கீறல் போட்டிருந்தார்.

மழைக்காலம் முடிந்த சமயம், சங்கந்திட்டு வேலையைப் பார்க்கிற சர்க்கார் இஞ்சினீயர் இளங்கோவன் ஜெயநகர் ஆபீசுக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். சர்க்காரில் இரண்டும் ஒரே ஆளாக அமைவது வழக்கம். கம்பெனி டைரக்டர் ரகுராம் காபி சொல்லி, திரையில் படம் போட்டு, இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். கணேசமூர்த்தி ஒரு செய்தித்தாளை மேசைமேல் விரித்து, மூன்று கம்பிகளையும் வரிசையாக வைத்தார்.

“சார், அந்தப் பச்சைக் கம்பில கீறல் இருக்கற எடத்துல நகத்தால சொரண்டிப் பாருங்க.”

இளங்கோவன் சுரண்டினார். பூச்சு வெங்காயத்தோல் மாதிரி நீளமாக உரிந்துகொண்டு வந்தது. அடியில் கருஞ்சிவப்பு மாவு செய்தித்தாளில் உதிர்ந்தது. ஸ்டெயின்லெஸ் கம்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது சமையலறைக் கரண்டி மாதிரி அப்படியே இருந்தது.

“பைல் முழுக்க வேணாம் சார். அலை நனைக்கிற பாகத்துக்கு மட்டும் இது. கீழ எல்லாம் சாதாக் கம்பி, உப்பு சுலபமா ஊறாத ஸ்லாக் சிமெண்ட், கம்பிக்கு மேல கான்கிரீட் கவரிங் கனமா வச்சுட்டாப் போதும். மொத்தத்துல பாத்தா ரொம்ப ஏறாது.”

இளங்கோவன் அந்தச் சிவப்பு மாவை விரலால் தொட்டுப் பார்த்தார். “பழைய துறை விழுந்தப்போ நான்தான் சார் அங்க போய் நின்னேன்,” என்றார். “ஜனங்க மண்ண வாரித் தூத்தினாங்க. சரி, போடுங்க. மேலிடத்துல நான் பேசி வாங்கறேன்.”

சொன்னபடி வாங்கியும் கொடுத்துவிட்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கணேசமூர்த்தி எழுதினது எழுதினபடி ஒப்புதலாகி வந்தது. அன்று சாயங்காலம் மெட்ரோவில் வரும்போது முன்பின் தெரியாத ஒருவருக்குச் சிரித்தபடி எழுந்து இடம் கொடுத்தார். ஷோபாவை வெண்ணெய் தோசை சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். பக்கெட்டைக் கழுவித் துணி ஊறவைத்துக்கொள்ளச் சொன்னார். வாழ்க்கையில் ஒன்றையாவது உருப்படியாகச் செய்துவிட்டோம் என்று அவர் வாய்விட்டே சொன்னதாக ஷோபா பிற்பாடு சொன்னாள்.

டெண்டர் விட்டார்கள். வேலையை எடுத்ததும் ஒரு பெங்களூர் கம்பெனிதான். அதன் சார்பாகத் தை பிறந்த கையோடு லாயிட் வந்தார். ஜீவனஹள்ளிக்காரர், பெரிய உடம்பு, கலகலவென்ற பேச்சு, சர்ச்சில் பாடுகிற குரல். கையில் ஒரு கோணிப் பை. அதைப் பிரித்து மேசைமேல் வைத்தார். பச்சைக் கம்பி.

“இன்னா லாயிட் இது?”

“இதான் சார் நாங்க போடப்போற கம்பி. சாம்பிள். டெஸ்ட் சர்டிபிகேட் எல்லாம் கீது. நீங்க ஒரு சைன் போட்டுக் குடுத்துட்டா ஆர்டர் வுட்ருவோம்.”

“டெண்டர்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு போட்டிருக்கேனே.”

லாயிட் பாவமாகப் பார்த்தார். ஏமாற்றுகிறவன் பார்வையல்ல, தெரியாதவருக்குக் கெட்ட செய்தி சொல்ல வந்தவன் பார்வை. டெண்டர் புத்தகத்தைத் திறந்து, கட்டைவிரலால் ஒரு வரியை அழுத்திக் காட்டினார். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி அல்லது அதற்கு இணையானது.’

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஊர் டிசைன் ஆபீசுகளில் புது டெண்டர் என்று ஒன்றை எவனும் எழுதுவதில்லை. பழைய டெண்டரைத் திறந்து, ஊர்ப் பேரை மாற்றி, அளவை மாற்றி, புதுப் பெயரில் சேமிப்பார்கள். ஒருமுறை துறைமுக டெண்டர் ஒன்றில் ‘ஏரியில் ஆகாயத்தாமரை அகற்றுதல்’ என்று ஒரு வரி கடைசிவரை இருந்தது; யாரும் கேட்கவில்லை. இரண்டாவது பழக்கம், எந்தப் பொருளைச் சொன்னாலும் வாலில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று சேர்ப்பது. ஒரே கம்பெனியின் பெயிண்டைப் பெயர் சொல்லிக் கேட்டால் ஆடிட்காரன் பிடித்துக்கொள்வான்; அதற்காக வந்த வால் அது. பெயிண்டுக்கு, ரப்பருக்கு, நட்டு போல்ட்டுக்கு என்று முப்பது வருஷமாக அடித்து அடித்து அந்த வால் கணேசமூர்த்தியின் விரலிலேயே ஏறிவிட்டது. சங்கந்திட்டுக் கம்பிக்கும் அவர் கையேதான் அதை அடித்திருந்தது. அடித்த ஞாபகம்கூட அவருக்கு இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும். ஏழெட்டுப் பூசாரிகளையும் ஜெயித்து வந்தவர் தன் விரலிடம் தோற்றார்.

“அதுவும் இதுவும் ஒண்ணா லாயிட்? ஆனைக்கு அர்ரம்னா குதிரைக்குக் குர்ரமா? ஆறு மாசத்துல இது எப்பிடி ஆவுதுன்னு நான் கண்ணால பாத்திருக்கேன்.”

“இருக்கலாம் சார். பெர்யவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நாங்க இன்னா, கள்ள வேலையா செய்றோம்? நீங்க எழுதினதப் படிச்சி ரேட் போட்டோம். அந்த ரேட்டுலதான் வேலையும் கெடச்சிது. இப்போ ஸ்டெயின்லெஸ்தான்னா எங்க முதலாளி கோர்ட்டுக்குப் போவாரு. எனக்குப் புடிக்கல சார், ஆனா போவாரு.”

லாயிட்டின் மேல் கோபப்படக்கூட வழியில்லை. கணேசமூர்த்தி எழுந்து ரகுராமின் அறைக்குப் போனார். ரகுராம் அவரைவிட வயசில் இளையவர், கெட்டவரில்லை, அவசரக்காரர். வரியைப் படித்தார், நெற்றியைத் தேய்த்தார்.

“யாரு சார் இத எழுதினது?”

“நான்தான்.”

“அப்புறம் நாம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மாட்டேங்கறது?”

கணேசமூர்த்தி டெண்டர் புத்தகத்தை மூடினார். ரகுராமே இளங்கோவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் இளங்கோவன் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“மூர்த்தி சார்,” என்றார். “நான் உங்களத் திட்டல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்த ஃபண்ட் மார்ச்சோட முடியுது. அதுக்குள்ள வேலை ஆரம்பிக்கலேன்னா பணம் திரும்பிப் போயிடும். இவங்க கோர்ட்டுக்குப் போனா ஸ்டே வரும். ஸ்டே வந்தா சங்கந்திட்டுக்குத் துறையே கெடையாது. அந்த ஜனம் இன்னும் எத்தினி வருஷம் அந்த ஒடஞ்சதுலயே நிக்கும்னு எனக்குத் தெரியல. இணையானதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா நான் அனுப்பறேன். குடுக்கலேன்னா நான் உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். முடிவு உங்களுது.”

இப்படித்தான் நல்லவர்கள் கத்தியை நம் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் துறை கிடையாது. போட்டால், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் உளுத்துப்போகிற இன்னொரு துறை, அதன் மேலும் இதே ஜனம். நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது, வாலில்லாமல் ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் எழுதியிருக்கலாம். அதை அவரே அடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஷோபாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“நீங்க வேணும்னா எழுதினீங்க? கை பழக்கம்.”

“கை பழக்கத்துக்கு ஒருத்தி இடுப்பு ஒடிஞ்சா?”

“ஒடிஞ்சது இதுலயா? அது பழசுல. நீங்களே எல்லாத்தையும் தலமேல ஏத்திக்காதீங்க.” கீரையைத் தள்ளிவைத்தாள். “ஆனா நான் ஒண்ணு சொல்லட்டா? மனசுக்குப் புடிக்கலேன்னா சைன் போடாதீங்க. ரிட்டயர் ஆவற வயசுல எதுக்கு இந்தப் பாவம்?”

“போடலேன்னா எனக்குப் பாவம் இல்ல ஷோபா. அவங்களுக்குத் துறை இல்ல.”

ஷோபா கீரையை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டாள். அவளிடம் இருந்த ஆறுதல் அவ்வளவுதான், அதை முழுசாகக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் ஆபீசில் சர்டிபிகேட் தயாராக இருந்தது. லாயிட் அடக்கமாக எதிரில் உட்கார்ந்திருந்தார். கணேசமூர்த்தி பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் அந்தத் தொண்டை.

“சார், சங்கந்திட்டு அன்னம்மா பேசறேன். வேல எப்ப சார் ஆரமிக்கிறாங்க? இங்க இன்னொரு தூணு பொளந்துக்கிச்சி.”

கணேசமூர்த்தி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தார். கீழே பேக்கரியிலிருந்து சூடான பன் வாசனை வந்துகொண்டிருந்தது. பொய் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் இந்த ஒருத்திக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவள் நாலு வார்த்தை திட்டட்டும், அதை வாங்கிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போடலாம் என்று தோன்றியது. திட்டு வாங்கினால் பாரம் கொஞ்சம் குறையும் என்கிற ஆசைதான்.

“அம்மா, அன்னிக்கி உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்னு. அது நடக்காதும்மா. நான் சொன்ன கம்பி போடல. தப்பு என்னுதுதான். இது பத்து வருஷம், மிஞ்சினா பன்னெண்டு. அதுக்கு மேல இதுவும் அந்த மாதிரிதான் ஆயிடும்.”

அந்தப் பக்கம் யாரோ ஏலம் கூவுவது கேட்டது. பிறகு அன்னம்மாளின் குரல் வந்தது. கோபம் துளிகூட இல்லை.

“பத்து வருசமா! போதும் சார். பத்து வருசம் நிக்கிதுன்னா எங்களுக்கு அதுவே பெரிசு. நீங்க ஏன் சார் இதுக்குப்போயி வருத்தப்படறீங்க?”

“இல்லம்மா, நான் வாக்குக் குடுத்தேன்.”

“அட, அத நான் அப்பவே நம்பல சார்,” என்று அன்னம்மாள் சிரித்தாள். அவரைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு. “நல்ல மனுசன் ஆசையா சொல்றாரேன்னு கேட்டுக்கிட்டேன். எங்களுக்கு யாரு சார் பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் கட்டிக் குடுக்கப்போறாங்க? சட்டுனு ஆரமிக்கச் சொல்லுங்க, அது போதும்.”

போனை வைத்துவிட்டாள். கணேசமூர்த்தி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தான் வாக்குத் தவறிவிட்டோம் என்று ராத்திரியெல்லாம் புரண்டவருக்கு, அந்த வாக்கை வாங்கியவள் அதை வாங்கிக்கொள்ளவேயில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. அவர் தவறியதால் சங்கந்திட்டில் ஒருவர் மனசும் ஒடியவில்லை. ஒடிவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. துறை உளுத்துப்போவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே அந்த ஜனத்தின் ஆசை உளுத்துப்போயிருந்தது. அதற்கு எந்தக் கம்பி போடுவது? அவருக்கு அழுகை வந்தது. பேக்கரிக்கு வந்த யாரோ ஒருவர் அண்ணாந்து பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

லாயிட் காபியை மூடி வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். “ஒடம்பு செரியில்லியா சார்? வேணும்னா நாளைக்கி வர்றேன்.”

“வேணாம் லாயிட். சீக்கிரம் ஆரமிக்கணுமாம்.”

உட்கார்ந்து, சர்டிபிகேட்டை ஒருமுறை முழுசாகப் படித்தார். பச்சைக் கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக்கு இணையானதே என்று சான்றளிக்கப்படுகிறது. அடியில் கையெழுத்துப் போட்டார்.  முப்பது வருஷமாகப் போடுகிற கையெழுத்து, சுழி ஒன்று தவறாமல் அழகாகவே விழுந்தது. லாயிட் காகிதத்தை வாங்கி மை காய ஊதிவிட்டு, தேங்க்ஸ் சார் என்றார்.